ஆறு மொழியில் ஒரு கை

கண்காட்சிக்குச் சரியாக இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. உமாதேவி டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினார். உள்ளே சுருட்டிய சீட்டுகள் கிடந்தன. ஆறாம் வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் உள்ள தலைப்பில் ஒரு அட்டைப் பலகை தயாரிக்க வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள்.

முஹ்ஸினா அதிகம் பேசமாட்டாள். அவளுடைய தோழி இசக்கிப்ரியா இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். சீட்டை எடுத்ததும் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள், ஒரு கண்ணைத் திறந்து வாசித்தாள்.

"எபிஷியன்சி என்பதை ஆறு மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்? அந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன?"

மறு கண்ணும் திறந்தது.

"டீச்சர், எபிஷியன்சின்னா என்ன டீச்சர்?"

"ஒரே வேலையை ரெண்டு பேரு செய்யுதாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தர் நேரத்தையும் பொருளையும் வீணாக்காம, நல்லாவும் செஞ்சு முடிச்சிருதாங்க. அவங்ககிட்ட என்னமோ ஒண்ணு இருக்குல்லா? அதுதான். பாடப் புத்தகத்துல செயல்திறன்னு போட்டிருப்பாங்க."

"அப்போ தமிழ் முடிஞ்சுது! இன்னும் அஞ்சுதான்."

"முடியல. புத்தகத்துல இருக்கதை எழுதக்கூடாது. போன்ல தேடியும் எழுதக்கூடாது. அந்த மொழி பேசுதவங்க வாயிலிருந்து கேட்டுட்டு வரணும். வார்த்தை எங்கருந்து பொறந்துதுன்னு தெரியலைன்னா, நாளைக்கு மத்தியானம் வாங்க. என் அகராதிகள்ல சேந்து தேடுவோம்."

பின்வரிசையிலிருந்து அல்தாப் கத்தினான். "சவூதிக்கு என்ன கவலை டீச்சர்? அவ வாப்பாக்கு ஒரு போன் போட்டா அரபி ரெடி!"

வகுப்பே சிரித்தது.

சவூதி என்பது முஹ்ஸினாவின் பட்டப்பெயர். வாப்பா ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அவள் வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொண்டுவருவாள். தங்கநிறக் காகிதம் சுற்றிய மிட்டாய். அதிலிருந்து வந்த பெயர். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வாப்பா இப்போது சவூதியில் இல்லை.

அவர் சமைத்துக்கொண்டிருந்த பெரிய அடுப்படியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பெட்டியோடு தென்காசிக்குத் திரும்பிவிட்டார். சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. இசக்கிக்குக்கூடத் தெரியாது. முஹ்ஸினா பொய் சொல்லவில்லை. சொல்லவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும், மறுநாள் சொல்வதை இன்னும் கொஞ்சம் கடினமாக்கியது.

"போன் போடுதியா?" என்று இசக்கி கேட்டாள்.

"அவங்களுக்கு டூட்டி நேரம்" என்றாள் முஹ்ஸினா. அதுவும் உண்மைதான்.

அன்று இரவு சாப்பிடும்போது வாப்பா கேட்டார். "முஹ்ஸி, நாளைக்குப் பெத்தவங்க வரலாமாமே? உம்மா சொன்னா. நானும் வரட்டா?"

அவர் சட்டையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த சின்னச் சின்னப் புள்ளிகள்.

"சீசன் நேரம்லா வாப்பா. கடையில கூட்டமா இருக்கும்லா?"

வாப்பா ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். "ஆமா, ஆமா. சீசன் நேரம்."

முஹ்ஸினாவுக்குத் தட்டில் இருந்த மீன் ருசிக்கவில்லை.

*

சனிக்கிழமை. இன்னும் ஆறு மணி நேரம்.

இசக்கியின் அப்பா பேச்சிமுத்து, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சீசன் வந்தால் குற்றாலத்தில் எல்லா ஊர்க்காரர்களும் குளிக்க வருவார்கள். ஆறு மொழிக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

"பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கணும்" என்றார் பேச்சிமுத்து. "ஒரு நிமிசம் பிந்தினாலும் உங்க எடத்துல ரெண்டு பலாப்பழத்தை ஏத்திட்டுப் போயிருவேன். அதுக பேசாம வரும்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு சுற்றிய மனிதர்களும், ஈரப் பாவாடை சொட்டச் சொட்ட நடக்கும் பிள்ளைகளும் தெருவை நிறைத்திருந்தார்கள். தூரத்தில் பேரருவியின் சத்தம் கேட்டது.

இசக்கி வேலையை ஆரம்பித்தாள். மைசூர் வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பெரியம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"எபிஷியன்சிக்கு உங்க பாஷையில என்ன?"

அந்த அம்மா யோசித்தார். "எபிஷியன்சி" என்றார்.

அடுத்து, மசாஜுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மலையாளி. அவர் நெற்றியைச் சுருக்கினார். "எபிஷியன்சி… எபிஷியன்சி தன்னே!"

நடைபாதையில் கல் பதித்துக்கொண்டிருந்த பீகார்க்காரரும், குழந்தையைத் தூக்கி வந்த ஹைதராபாத் அப்பாவும் அதையேதான் சொன்னார்கள்.

இசக்கி நோட்டை மூடினாள். "நாலு பேருகிட்ட கேட்டாச்சு. இங்கிலீஷ் வார்த்தை மட்டும்தான் கெடைச்சிருக்கு. அதுவும் ஒரு இங்கிலீஷ்காரரையும் பாக்காமலே!"

மணி பத்தரை. முஹ்ஸினா வாயைத் திறக்கவே இல்லை. அவள் ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரங்கு மதில்மேல் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தேய்த்த மலையாளியின் பக்கத்தில் ஒரு பன் பாக்கெட் இருந்தது. குரங்கு இறங்கியது, எடுத்தது, ஏறியது. எல்லாம் ஒரு தும்மல் போடும் நேரத்தில். பாக்கெட்டைக் கிழிக்கவில்லை. ஓரத்தில் வெட்டுப் போட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே பல்லால் பிரித்தது. ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை.

பன்னைப் பறிகொடுத்த மனிதர் கோபப்பட மறந்துவிட்டார். "எடா மிடுக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

முஹ்ஸினா இசக்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கேட்டியா?"

"என்னத்தட்டி?"

"மிடுக்கன்னு சொன்னாங்க! நாம கேட்டப்போ அவங்களுக்கு அந்த வார்த்தை வரல. குரங்கைப் பாத்ததும் தானா வந்துட்டு. நாம தப்பா கேட்டிருக்கோம் இசக்கி. வார்த்தையைக் கேக்கக்கூடாது. வேலையைக் காட்டணும்!"

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி இசக்கி கேட்டதே இல்லை. இசக்கி உடனே மலையாளியிடம் ஓடினாள். "மிடுக்குன்னா என்ன அண்ணாச்சி? எங்க தமிழ்லயும் மிடுக்கு இருக்கு. மிடுக்கா நடக்கான்னு சொல்லுவோம்."

அவர் எண்ணெய்க் கையை ஆட்டினார். "உங்ஙள் மிடுக்கு நடையில். எங்ஙள் மிடுக்கு வேலையில். சாமர்த்தியம், மோளே!"

ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது! இசக்கி குதித்தாள். குரங்கும் பன்னோடு மரத்துக்குக் குதித்து மறைந்தது.

"போச்சு. இப்போ வேலையைக் காட்ட யாரு இருக்கா? ஒரே எடத்துல நின்னு, திரும்பத் திரும்பச் செய்யணும். எல்லாரும் நின்னு பாக்கணும். அப்படி ஒரு ஆளு வேணும்."

முஹ்ஸினாவுக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியும்.

அவள் கடைத்தெருவின் அந்த முனையைப் பார்த்தாள். அங்கே போனால் வார்த்தைகள் கிடைக்கும். ஆனால் வாப்பா அவளை "முஹ்ஸி" என்று கூப்பிடுவார். அதோடு எல்லாம் தெரிந்துபோகும். திங்கள்கிழமை அல்தாபின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதே கேட்டது. போகாவிட்டால் பலகை காலியாக நிற்கும். இசக்கியும் அதன் பக்கத்தில் நிற்பாள்.

பத்து அடி நடந்தாள்.

"அங்கன ஒரு சிப்ஸ் கடை இருக்கு" என்றாள்.

*

கடையின் முன்னால் பெரிய இரும்புச் சட்டி. அதில் எண்ணெய் தளதளத்தது. சட்டிக்குப் பின்னால் மசூது நின்றார். முஹ்ஸினாவின் வாப்பா.

அவர் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

பிறகு பக்கத்தில் நின்ற இசக்கியின் பள்ளிச் சீருடையைப் பார்த்தார். முஹ்ஸினாவின் கண்களைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"என்ன வேணும் பாப்பா?" என்றார்.

யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

அவர் தனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று முஹ்ஸினாவுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் வாங்க வரல அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "நீங்க வேலை செய்யணும். நாங்க பாக்கணும். பள்ளிக்கூடத்துக்கு!"

"அவ்வளவுதானே? நல்லா பாருங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, தெறிக்கும்."

அவர் ஒரு நேந்திரங்காயை எடுத்தார். கத்தி மேலிருந்து கீழே மூன்று கோடு போட்டது. தோல் மூன்று துண்டாகக் கழன்று சாக்குக்குள் விழுந்தது. அடுத்த நொடி வலது கை சீவுகட்டையை எடுத்து, கொதிக்கும் எண்ணெய்க்கு நேர்மேலே பிடித்தது. காய் முன்னும் பின்னும் போனது. சரக் சரக் சரக். மெல்லிய வட்டங்கள் நேராக எண்ணெயில் விழுந்தன. அவர் கட்டையை வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்ததால் ஒரு வட்டம்கூட இன்னொன்றின்மேல் ஒட்டவில்லை.

காய் தீர்ந்தது. அவர் சட்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காதால் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி கேக்கீங்க?"

"சத்தத்தைத்தான். காய்க்குள்ள தண்ணி இருக்கவரைக்கும் எண்ணெய் கத்தும். தண்ணி போனதும் அடங்கிரும். அடங்கினா வெந்துட்டுன்னு அர்த்தம். இப்போ பாரு."

சத்தம் குறைந்தது. அவர் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினார்!

ஸ்ஸ்ஸ் என்று சட்டி சீறியது. கூட்டம் "ஆ!" என்று பின்னால் நகர்ந்தது. ஆமாம், கூட்டம்! எப்போது சேர்ந்தது என்றே தெரியவில்லை. சீறல் அடங்கியபோது ஒவ்வொரு சிப்ஸிலும் உப்பு ஏறியிருந்தது. அவர் அரிகரண்டியால் ஒரே வீச்சில் அள்ளி எடுத்தார். கை ஒரு தடவைகூட வெறுமையாக நிற்கவில்லை.

"எஷ்டு சுருக்கு!" என்றது ஒரு குரல். காலையில் பார்த்த அதே மைசூர் பெரியம்மா!

"சுருக்கா?" இசக்கி துள்ளினாள். "ஏட்டி, எங்க அப்பா தெனமும் சுருக்கா கெளம்புன்னு கத்துவாங்கல்லா? அது கன்னடத்துலயும் இருக்கு!"

ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா தன் மகனிடம் சொன்னாள். "பாத்தியாலே, கெட்டிக்காரக் கை. நீ ஒரு சட்டை மடிக்க ஒரு மணி நேரம் ஆக்குதே!"

"எழுது, எழுது! கெட்டி!" என்றாள் முஹ்ஸினா.

கல் பதிக்கும் பீகார்க்காரர் டீத் தம்ளரோடு நின்றுவிட்டார். "க்யா ஃபுர்தி ஹை!" என்றார், என்ன சுறுசுறுப்பு என்று வியப்பதுபோல.

மசூது சீவுவதை நிறுத்தாமலே அவருக்கு இந்தியில் ஏதோ பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

இசக்கியின் பேனா நின்றது. "அண்ணாச்சி, உங்களுக்கு இந்தி தெரியுமா? அப்போ… அரபி?"

மசூது முதலில் முஹ்ஸினாவைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை அசைத்தாள்.

"கொஞ்சம் தெரியும் பாப்பா. ஒரு பெரிய அடுப்படியில பதினோரு வருசம் இருந்தேன். அங்கன நல்லா வேலை செய்யுதவனைக் கூப்பிட்டு ஒரு அட்டை குடுப்பாங்க. அதுல கஃபாஆன்னு போட்டிருக்கும். இந்த வேலைக்கு இவன் ஈடுன்னு அர்த்தம். வேலை எவ்வளவு பெருசோ, அதுக்குச் சமமான ஆளு."

"உங்களுக்குக் குடுத்தாங்களா?"

"ரெண்டு தடவை" என்றார். சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

அந்த அட்டைகள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. மதரசாவில் கற்ற எழுத்துகளைக் கூட்டி முஹ்ஸினா அவற்றை வாசித்தும் இருக்கிறாள். பொருள் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தெருவில் ஆட்டோ ஹாரன் அலறியது. மணி பன்னிரண்டு ஐந்து!

"நல்லா செய்யுங்க பாப்பா" என்றார் மசூது.

ஓடும்போது முஹ்ஸினா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

*

இன்னும் இரண்டரை மணி நேரம். ஆட்டோ தென்காசிக்குள் நுழைந்தபோது முஹ்ஸினா கேட்டாள்.

"மாமா, உங்க போன் ஒரு நிமிசம் தாரீங்களா? உம்மாகிட்ட பேசணும்."

அவள் இறங்கி, ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்று பேசினாள். உம்மா பர்சானா எடுத்தாள்.

"உம்மா, வாப்பாவை மூணு மணிக்கு வரச் சொல்லுங்க. கண்டிப்பா வரச் சொல்லுங்க."

"நேத்து கடையில கூட்டம்னு சொன்னியே?"

"நேத்து சொன்னது தப்பும்மா."

டீச்சரின் மேசையில் அகராதிகள் காத்திருந்தன. மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

"இங்க பாருங்க. இந்தி ஃபுர்தி, சமஸ்கிருதத்துல துடிப்புன்னு அர்த்தம் உள்ள வார்த்தையிலிருந்து வந்திருக்கு" என்றார் டீச்சர்.

"நாமளும் துடிப்பான பிள்ளைன்னு சொல்லுவோமே!"

"ஆமாம்லா! இங்கிலீஷ், லத்தீன்லருந்து வந்துருக்கு. செஞ்சு வெளியே கொண்டுவாரது. அதாவது செஞ்சு முடிக்கது. அரபி, ஈடு, சமம். உங்க சிப்ஸ்காரர் சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"கன்னட சுருக்கும் நம்ம சுருக்காவும் ஒண்ணா டீச்சர்?"

"சொந்தக்காரங்க மாதிரிதான் தெரியுது. உறுதியா தெரியாததுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு. அதுல ஒண்ணும் வெக்கமில்ல."

இசக்கி பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு பலகையைத் தள்ளி நின்று பார்த்தாள். "ஒரே விசயந்தான். ஆனா நாம கெட்டின்னு சொல்லி உறுதியைப் பாக்கோம். கன்னடத்துல வேகத்தைப் பாக்காங்க. அரபியில ஈடா இல்லையான்னு பாக்காங்க. ஆறு பேரும் ஆறு பக்கத்துலருந்து எட்டிப் பாத்த மாதிரி இருக்கு. நடுவுல என்னட்டி வைக்க?"

முஹ்ஸினா ஏற்கெனவே பென்சிலை எடுத்திருந்தாள். நடுவில் ஒரு கை வரைந்தாள். சீவுகட்டையைப் பிடித்த வலது கை. மணிக்கட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தாள். பார்க்காமலே வைத்தாள். எது எங்கே என்று அவளுக்கு மனப்பாடம்.

*

மூன்று மணி. வகுப்பறை நிரம்பி வழிந்தது. அவர்கள் பலகையின் முன்னால்தான் அதிகக் கூட்டம். குரங்கு எப்படிப் பாக்கெட்டைப் பிரித்தது என்று இசக்கி நான்காவது முறையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அல்தாப்கூட வாயைப் பிளந்து பார்த்தான்.

முஹ்ஸினா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபதுக்கு அவர் வந்தார். வேறு சட்டை. தலை வாரியிருந்தார். ஆனாலும் தேங்காய் எண்ணெய் வாசம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. உள்ளே நுழையாமல் வாசலிலேயே, மற்ற பெற்றோருக்குப் பின்னால் நின்றார்.

"ஏட்டி, அந்தா பாரு!" இசக்கி கத்தினாள். "சிப்ஸ் அண்ணாச்சி வந்திருக்காங்க! எங்க பலகையைப் பாக்கவா அண்ணாச்சி வந்தீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். மசூது தயங்கினார்.

"இல்ல பாப்பா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். சும்மா எட்டிப் பாத்தேன்." வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

உமாதேவி டீச்சர் பலகையைத் தொட்டுக் காட்டினார். "அப்போ நடுவுல வரைஞ்சிருக்கது இவங்க கைதானா? யாரு இவங்க?"

இசக்கி விளக்க வாயைத் திறந்தாள். அதற்குள் முஹ்ஸினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பைக்குள் இருந்த அந்தக் கையை வெளியே எடுத்தாள். புள்ளிகள் இருந்த மணிக்கட்டைப் பிடித்து, வகுப்பின் நடு வழியாக அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். பலகையில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கையை வைத்தாள்.

அவள் இதுவரை அந்த அறையில் பேசியதிலேயே உரக்கப் பேசினாள்.

"இந்தக் கைதான் டீச்சர். இவங்க எங்க வாப்பா."